இலவசமும் உரிமமும்

விலை கொடாமல் பெற்றது எல்லாம் வரம்பின்றிப் பெற்றது ஆகிவிடாது. உழவுக்கென்று அண்டை வீட்டார் இரவலாகத் தந்த காளைகளை வாடகை வண்டியில் பூட்டிக் கூலி பெறுவதை நம் கொங்கு நாட்டு உழவர் எவரும் நேர்மை என்று ஒப்பமாட்டார். ஆயின், கணினி உலகில் நாள்தோறும் நிகழும் இதனையொத்த செயலை நாம் பிழையென்றே எண்ணுவதில்லை.

தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் என்னும் நிபந்தனையோடு வழங்கப்படும் மென்பொருள்கள் பல. தொலைவிலுள்ள கணினியை இயக்க உதவும் டீம்வியூவர் அவற்றுள் ஒன்று. விடுதியில் இருந்தவாறே தம் வீட்டுக் கணினியைச் சீர்செய்யும் மாணவருக்கு அது இலவசம். அவரே பழுதுநீக்கும் கடை வைத்துக் கட்டணம் பெறத் தொடங்கினால் உரிமம் வாங்கியாக வேண்டும். நிபந்தனைகள் இடையில் மாறுவதும் உண்டு. ஆரக்கிள் நிறுவனம் ஜாவா 8 பதிப்புக்கு 2019 ஏப்ரல் முதல் வெளியிட்ட திருத்தங்களைத் தனிநபருக்கு இலவசமாகத் தந்தது. வணிக நிறுவனங்களிடம் கட்டணம் கேட்டது.

இது பெருநகரத்தார் கவலை மட்டுமன்று. ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவும் குதிரைச் சந்தையும் கூடும் நம் அந்தியூரில் சுவரொட்டி, துண்டறிக்கை, திருமண அழைப்பிதழ் யாவும் டி.டி.பி. கடைகளில்தாம் உருவாகின்றன. தனிப்பயனுக்கென்று தரப்பட்ட எழுத்துருவால் நண்பருக்கு வாழ்த்து மடல் அமைப்பது வேறு. அதனாலேயே அழைப்பிதழ் அமைத்துக் கூலி பெறுவது வேறு.

இவ்வேறுபாட்டை நம் நாட்டுச் சட்டமும் அறியும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999இல் செய்யப்பட்ட திருத்தம், முறையாகப் பெற்ற மென்பொருளை வணிகமல்லாத சொந்தப் பயனுக்காகப் படியெடுக்க இடமளிக்கிறது. உரிமை மீறிய படியை அறிந்தே பயன்படுத்துவோருக்கு 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. ஆதாயமோ வணிகமோ கருதாத பயன்பாடாயின் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நிபந்தனை மீறல் ஒவ்வொன்றும் இப்பிரிவில் அடங்கும் என்பதன்று நம் வாதம். ஆதாயம் புகும்போது பொறுப்பும் கூடுகிறது என்பதே நாம் சுட்ட விழைவது.

சிறு கடை நடத்துவோர் பெருந்தொகைக்கு எங்கே போவர் எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. லிபர்ஆபிஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் ஆகியவை வணிகத்துக்கும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க கட்டற்ற மென்பொருள்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், மீரா இனிமை முதலிய தமிழ் எழுத்துருக்களும் அத்தகையனவே. இத்தனை இருக்க, வறுமையைக் காரணம் காட்டி நிபந்தனையை மீறுதல் எங்ஙனம் தகும்?

உண்மையான இடர் வேறொன்று. உரிம விதிகள் நீண்ட ஆங்கிலத்தில், வழக்கறிஞர் நடையில் எழுதப்படுகின்றன. படிக்காமலேயே 'ஏற்கிறேன்' என்னும் பொத்தானை அழுத்துகிறோம். இங்குதான் தமிழ்த்துறைக்குப் பணி காத்திருக்கிறது. கணினித் துறையோடு கைகோத்து, நம் வட்டாரத்தில் மிகுதியும் வழங்கும் மென்பொருள்கள், எழுத்துருக்கள் ஆகியவற்றின் விதிகளை எளிய தமிழில் ஒவ்வொரு பக்கமாகச் சுருக்கி வெளியிடலாம். யார் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தலாம், எப்போது பணம் செலுத்த வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை இருந்தால் போதும்.

பட்டம் பெற்றுத் தொழில் தொடங்கும் நம் மாணவர், பிறர் உழைப்புக்குரிய மதிப்பைத் தந்தே தம் உழைப்புக்குக் கூலி பெறட்டும். தாம் ஏற்கும் விதியைத் தாய்மொழியில் அறிந்து ஏற்கும் நிலையை அவர்களுக்கு உருவாக்கித் தருவது நம் கடமையாகும்.