பிள்ளையில்லாத வீடு குடும்பமில்லையா?



எஸ்டிஆர் பாரத்தில் பிள்ளைகளின் விவரம் எழுத ஓரிடம் இருக்கிறது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடும் கணவன் மனைவியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். அது நீங்களாகவே இருக்கலாம். உங்கள் தங்கையாக இருக்கலாம். பக்கத்து ஃபிளாட்டில் குடியிருப்பவராகவும் இருக்கலாம்.

2023-ஆம் ஆண்டின் உதவித்தொகையைப் பாருங்கள். மாதம் 2,500 வெள்ளிக்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பத்தில் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள் இருந்தால் 1,500 வெள்ளி. ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் 2,500. பிள்ளையே இல்லையென்றால் 1,000. பிள்ளை வளர்ப்பவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு வழக்கில்லை. பால்மாவு விற்கும் விலை எல்லாருக்கும் தெரியும். ஆனால் பிள்ளை இல்லாத வீட்டில் செலவும் இல்லை என்று அரசாங்கம் நினைக்கிறதே, அது எந்த ஊர் நியாயம்? ஸ்கேன், ஊசி, மாத்திரை, கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு டோல், வேலைக்குப் போகாத நாளின் சம்பளம். இதெல்லாம் எந்தக் கணக்கில் வருகிறது?

"உதவி இல்லையென்று யார் சொன்னது?" என்று கேட்பார்கள். இருக்கிறது. முக்கியமாக இரண்டைச் சொல்வார்கள். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, வருமான வரிக் கழிவு. 2020-ஆம் வரி ஆண்டிலிருந்து கருத்தரிப்புச் சிகிச்சைச் செலவையும் மருத்துவச் செலவுக் கழிவில் சேர்த்தார்கள். 2023-இலிருந்து அந்தக் கழிவின் உச்சவரம்பு 10,000 வெள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாதம் 2,000 வெள்ளி சம்பளம் வாங்குபவருக்குக் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 24,000. தனிநபர் கழிவு 9,000 போகும், இபிஎப் சந்தா 2,640 போகும். மிச்சம் 12,360. அதற்கு வரி எழுபத்து மூன்று வெள்ளிச் சொச்சம். அதையும் 400 வெள்ளித் தள்ளுபடி விழுங்கிவிடும். ஆக, அவர் கட்டும் வரி பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழிப்பது? அதே சிகிச்சைக்கு அதே 10,000 வெள்ளியைச் செலவு செய்யும், 25 விழுக்காடு வரி விகிதத்தில் இருக்கும் பெரிய சம்பளக்காரருக்கு 2,500 வெள்ளி மிச்சமாகும். இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை, இருப்பவனுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. இதற்குப் பெயர் குடும்ப ஆதரவாம்!

இரண்டாவது, இபிஎப் பணத்தை எடுக்கலாம் என்பது. இதுவும் 2020-இல் வந்தது. ஐயா, அது நம்முடைய பணம். வயதான காலத்துக் கஞ்சிக்கு வைத்த பணம். அதை எடுத்துக்கொள்ள அனுமதிப்பதை உதவி என்று சொன்னால், என் சட்டைப்பையிலிருந்து நான் எடுப்பதும் உதவிதான். அதுவாவது போதுமா? 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளத்தில் தொழிலாளி 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் போட்டால் மாதம் 408 வெள்ளி. 2024 மே மாதக் கணக்குப் பிரிப்புக்குப் பிறகு அதில் 15 விழுக்காடுதான் சிகிச்சைக்கு எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்குக்குப் போகிறது. மாதம் 61 வெள்ளி! சோதனைக் குழாய் முறை என்கிற ஐவிஎப் சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனையில் ஒரு முறைக்கு 15,000 வெள்ளியும் அதற்கு மேலும் ஆகிறது. லாப ஈவை விட்டுவிட்டுப் பார்த்தால் அது இருபது வருடச் சேமிப்பு. பழைய இரண்டாம் கணக்கில் 30 விழுக்காடு போய்க்கொண்டிருந்தது உண்மை. ஆனால் கொரோனா காலத்தில் ஐ-லெஸ்தாரியில் நம்மவர்கள் அதைத் துடைத்து எடுத்துச் சாப்பிட்டாயிற்று.

அரசாங்கம் எப்போதும் எண்ணிக்கையைத்தான் பார்த்திருக்கிறது. எல்பிபிகேஎன் என்கிற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் 1966-இல் தொடங்கப்பட்டது பிள்ளைப் பேற்றைக் குறைக்க. 1984-இல் டாக்டர் மகாதீர் அரசாங்கம் திருப்பிப் போட்டது: நாட்டுக்கு ஏழு கோடி மக்கள் வேண்டும், முடிந்தவர்கள் ஐந்து பிள்ளை பெறுங்கள் என்றது. இப்போது பிறப்பு விகிதம் குறைகிறது என்று கவலைப்படுகிறார்கள். நம் மேடைப் பேச்சாளர்களும் குறைந்தவர்கள் அல்லர். 2020 கணக்கெடுப்பில் நாம் 6.7 விழுக்காடுதான், இனம் தேய்கிறது, நிறையப் பெறுங்கள் என்று மைக் பிடித்து முழங்குகிறார்கள். பெற ஆசைப்பட்டும் முடியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பதியின் முகத்தை மேடையிலிருந்து யாராவது பார்த்ததுண்டா?

அந்தத் தம்பதிக்கு ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தப் பிரச்சினை வருகிறது. ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணிடமும் காரணம் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் "மலடி" என்ற சொல் இருக்கிறதே தவிர, ஆணைக் குறித்து அப்படியொரு சொல் யார் வாயிலும் வருவதில்லை. மாமியார்மார்களே, மருமகளை நாலு சாமியாரிடம் அழைத்துப் போகும் முன் மகனை ஒரு முறை பரிசோதனைக்கு அனுப்புங்கள். விந்துப் பரிசோதனைக்குக் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. தைப்பூசத்தில் பத்துமலைக்குக் கரும்புத் தொட்டில் சுமந்து வருகிறவர்களைப் பார்த்து நாமும் கண் கலங்குகிறோம். நேர்த்திக்கடன் வேண்டாமென்று சொல்லவில்லை. கிளினிக்குக்கும் போங்கள் என்கிறேன். ஓராண்டு முயன்றும் தரிக்கவில்லையென்றால், மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, ஒரு வெள்ளி அரசாங்கக் கிளினிக்கில் இருவரும் சேர்ந்து போய்ப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். ஜாலான் ராஜா லாவுட்டில் எல்பிபிகேஎன் தலைமையகத்தில் இதற்கென்றே கிளினிக் இருக்கிறது. தனியாரைவிடச் செலவு குறைவு. ஆனால் ஐவிஎப் செய்யும் அரசு மருத்துவமனைகள் நாட்டிலேயே சொற்பம். காத்திருக்கும் காலத்தில் வயது நிற்பதில்லை.

போக நேரம் வேண்டுமே! ஷா ஆலமிலும் போர்ட் கிள்ளானிலும் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். 2023 ஜனவரியிலிருந்து தாய்க்கு 98 நாள், தந்தைக்கு 7 நாள் விடுப்பு என்று வேலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வரவேற்கிறோம். குழந்தை பிறப்பதற்காகச் சிகிச்சைக்குப் போகிறவருக்கு அதே சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. முட்டை வளர்ச்சியைப் பார்க்க ஒரே மாதத்தில் பல முறை போக வேண்டும். வருடாந்திர விடுப்பு தீர்ந்ததும் சம்பளமில்லா விடுப்புதான். சூப்பர்வைசரிடம் என்ன காரணம் சொல்வது என்ற கூச்சம் வேறு.

"தத்தெடுத்துக்கொள்ளுங்களேன்" என்று சுலபமாகச் சொல்வார்கள். 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு வாங்கினாலும், குழந்தைக்குக் குடியுரிமை தானாக வந்துவிடுவதில்லை. பெற்றவளிடம் அடையாளக் கார்டு இல்லையென்றாலோ, அவள் யாரென்றே தெரியாவிட்டாலோ, வளர்ப்புப் பெற்றோர் இலாகா இலாகாவாக அலைகிறார்கள். கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளை குடிமகனே என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கே வழக்குப் போட வேண்டியிருந்தது! கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளின் அந்த உரிமையைச் சுருக்கும் திருத்தமும் வரப் பார்த்தது. 2024-இல் எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டார்கள். இந்த அலைச்சலுக்குப் பயந்து ஏஜெண்டிடம் பணம் கொடுத்துக் குழந்தை வாங்கி, சொந்தப் பிள்ளையென்று பிறப்புப் பத்திரம் எடுத்துவிடாதீர்கள். அது குற்றம். பிற்பாடு மைகார்டு எடுக்கும் வயதில் அந்தப் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும்.

செய்ய முடியாததையா கேட்கிறோம்? பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், குடிமக்களான தம்பதிக்கு அரசு மருத்துவமனைச் சிகிச்சையில், ஓர் உச்சவரம்புக்குள் 75 விழுக்காடு வரை அரசாங்கம் போடுகிறது. ஜப்பான் 2022 ஏப்ரலிலிருந்து ஐவிஎப் சிகிச்சையைத் தேசியக் காப்புறுதியில் சேர்த்துவிட்டது. நாம் கேட்பது, பி40 தம்பதிக்கு வரிக் கழிவுக்குப் பதிலாக நேரடி மானியம், கிள்ளான் போன்ற ஊர்களின் பெரிய மருத்துவமனைகளிலும் முறையான கருத்தரிப்புப் பிரிவு, சிகிச்சைக்குச் சம்பளத்துடன் சில நாள் விடுப்பு.

பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் வரும். அதற்கு முன் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் படித்த பிள்ளைகளிடம் சொல்லி எழுத வையுங்கள். 24,000 வெள்ளிக் கணக்கையும் 61 வெள்ளிக் கணக்கையும் மேலே போட்டிருக்கிறேன், அப்படியே எடுத்து எழுதலாம். கொடுத்ததற்கு அடையாளமாக நகலில் முத்திரை குத்தி வாங்க மறக்காதீர்கள்.