குலுக்கினால் 'கடகட'

ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவைக் குலுக்கினால் உள்ளே 'கடகட'வென்று சத்தம் வருகிறதா? 'என்னவோ கழண்டு போச்சு சார்' என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது ஒரு குண்டு, வேண்டுமென்றே போட்டது.

1949-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட் ஸீமோர் என்பவர், மனைவி கொடுத்த யோசனையில் அலுமினியப் பெயின்டை ஏரோசால் டப்பாவில் அடைத்தார். பெயின்டில் ஒரு சிக்கல். நிறத்தூள் கனமானது. பாயசத்து ஜவ்வரிசி மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூடின டப்பாவுக்குள் கரண்டி விட முடியுமா? அதற்குத்தான் குண்டு.

எந்தக் குண்டு? முதலில் கனம். பிளாஸ்டிக் சரிப்படாது. பல ரகம் மிதக்கும். சிலது தின்னரில் இளகியே போகும். கண்ணாடி, தண்ணீரைப் போல 2.5 மடங்கு கனம். இரும்பு கிட்டத்தட்ட 8 மடங்கு. அடிவண்டலைக் கிளப்ப இரும்பே பலசாலி.

அடுத்தது ஜாதகப் பொருத்தம்! தின்னர் கலந்த பெயின்ட் என்றால் இரும்பு ஓகே. தண்ணீர் கலந்தது என்றால் இரும்பு துருப்பிடிக்கும். வெள்ளைச் சுவரில் செம்மண் புள்ளி விழும். அங்கே கண்ணாடிக் கோலிதான். 1872-ல் ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் பேடன்ட் வாங்கிய நம்ம கோலி சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். சோடாவிலேயே கிடந்தும் கோலிக்கு ஒன்றும் ஆவதில்லை!

செடிக்கு மருந்தடிக்க, தரை துடைக்க என்று நீங்களே பாட்டிலில் கலக்குகிற ஆசாமியா? 'மெக்கானிக் ஷெட்ல ஒரு பால்ரஸ் வாங்கிப் போட்டுக்கறேன்' என்று கிளம்ப வேண்டாம். தண்ணீரில் அது துருப்பிடித்து, துரு போய் ஸ்ப்ரே துவாரத்தை அடைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தேவலை. ஆனால் பிளீச்சிங் கரைசல் அதையும் அரிக்கும். கூழாங்கல்லா? சுண்ணாம்புக்கல் வகையாக இருந்தால் வினிகரில் நுரைத்துக் கரையும். ஆக, வீட்டுக்கு ஏற்றது கண்ணாடிக் கோலி. பாட்டில் மட்டும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடியும் கண்ணாடியும் மோதினால் கோலி ஜெயித்துவிடும்.

கடைசியாக ஒரு சீரியஸ் விஷயம். குண்டுக்கு ஆசைப்பட்டுக் காலி ஏரோசால் டப்பாவை வெட்டாதீர்கள். காலி என்று நினைத்ததிலும் அழுத்தத்தில் வாயு மிச்சமிருக்கும். பெரும்பாலும் தீப்பிடிக்கிற வாயு.

நம்ம ஆபீஸில் ரொம்ப சத்தம் போடுகிறவர் வேலை செய்வதில்லை. டப்பாவில் நேர்மாறு: சத்தம் நின்றுபோனால் குண்டு வண்டலில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். மறுபடி 'கடகட' கேட்கும்வரை குலுக்குங்கள். அதன் பிறகும் ஒரு நிமிஷம்!