ஒன்பது மணி அவசரம்

சென்ற மாதம் சாம்ராஜ் நகரில் ஓர் உறவினர் கல்யாணம். முடிந்து காரில் சத்தியமங்கலம் திரும்பினோம். திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை கார்கள் போகக் கூடாது. தெரிந்திருந்தும், பலகாரம் கட்டுவது, சொந்தக்காரர்களிடம் பேச்சு என்று, நாங்கள் பெண்கள்தான் கிளம்பவே எட்டு மணி ஆக்கிவிட்டோம்.

'ஒன்பதுக்குள்ள சோதனைச்சாவடியைத் தாண்டணும்' என்று கொழுந்தனார் வண்டியை விரட்டினார். காரப்பள்ளத்துக்குச் சற்று முன், காட்டுப் பகுதியில் குறுக்கே வந்த காட்டு முயல், விளக்கு வெளிச்சத்தில் கண் கூசி அப்படியே நின்றுவிட்டது. 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்!

இறங்கிப் போனவர், அதைக் கையில் தூக்கி வந்து, 'அண்ணி, நாளைக்குக் குழம்பு வெச்சிருங்க' என்றாரே பார்க்கலாம்! எனக்குப் பகீரென்றது. 'வயிறு கிழிஞ்சு, குடல் அழுக்கெல்லாம் கறியில கலந்திருக்கும். மேலெல்லாம் உண்ணி வேற. இதை என் அடுப்பில் ஏத்த மாட்டேன்' என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அடிபட்டுச் செத்த காட்டு விலங்கும் அரசாங்கச் சொத்துதான், எடுத்துப்போவது குற்றம். அதையும் சொன்ன பிறகுதான் கீழே வைத்தார். சோதனைச்சாவடியில் தகவல் சொல்லிவிட்டு வந்தோம். செத்தது நடுரோட்டிலேயே கிடந்தால், தின்ன வரும் நரியும் காக்கையும் அடுத்த வண்டியில் அடிபடுமே!

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. காட்டு விலங்குகள் சாகக் கூடாது என்றுதான் அந்தத் தடையே. அதற்குள் தப்பிக்க ஓடி, நாங்களே ஒரு உயிரை எடுத்துவிட்டோம். வண்டி ஓட்டியவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தாமதம் செய்தது நான்தானே.

தோழியரே, மலைப்பாதையில் பயணம் என்றால், இருட்டும் முன்பே காட்டைத் தாண்டும்படி குடும்பத்தைக் கிளப்புங்கள். வழியில் குரங்குக்கு என்று முறுக்கு, வாழைப்பழம் வீசாதீர்கள். அதைப் பொறுக்க வந்துதான் அவை சக்கரத்தில் மாட்டுகின்றன. அடிபட்ட பிராணியை வெறுங்கையால் தொடவும் விடாதீர்கள். வெறிநோய் ஆபத்து உண்டு.

நாம் அரை மணி முன்னால் புடவை மடித்தால், ஒரு உயிர் பிழைக்கும் என்றால் செய்யக் கூடாதா?

— ஒரு வாசகி, சத்தியமங்கலம்.