தேய்த்தால் போகுமா பரு?

முகத்தில் பரு வந்தவர்தான் ஸ்க்ரப்பை எடுத்து அதிகமாகத் தேய்க்கிறார். பாவம், தேய்க்கவே கூடாதவரும் அவர்தான்! நறநறவென்று இருந்தால்தான் அழுக்கு போகும் என்று ஒரு நம்பிக்கை. வால்நட் ஓட்டுத் தூளோ சர்க்கரையோ, உரசினால் பரு உடைந்து வீக்கம்தான் கூடும். மாநிறத் தோலில் அந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் போகாது.

எண்ணெய் வழியும் முகத்துக்கு சாலிசிலிக் அமிலமே சரி. எண்ணெயில் கரைவதால் துவாரத்துக்குள் போய் அடைப்பை இளக்கும். 2 சதவீதம் போதும், ஆரம்பத்தில் வாரம் இரண்டு முறை. வறண்ட தோலா? லாக்டிக் அமிலம். (தயிரில் இருக்கிற அதே சமாச்சாரம்தான், அதற்காகத் தயிரை அப்பிக்கொண்டு உட்கார வேண்டாம்!) ஆனால் இது போட்ட தோலை வெயில் சீக்கிரம் சுடும். சன்ஸ்கிரீன் பூசச் சோம்பல்படுகிறவர் இந்தப் பாட்டிலை வாங்காமலே இருக்கலாம்.