காலுக்கேற்ற செருப்பு

புதிதாக வாங்கிய கேத்தலின் கைபிடி சுடுகின்றது. அலுமாரியின் மேற்றட்டு எட்டவில்லை. கதிரையில் அரைமணி நேரம் இருந்தால் முதுகு வலிக்கின்றது. இத்தகைய வேளைகளில் நாம் யாரை நொந்துகொள்கின்றோம்? பெரும்பாலும் நம்மையே. “எனக்குப் பழக்கம் போதாது”, “என் உயரம் குறைவு” என்று சொல்லி அடங்கிவிடுகின்றோம். செருப்பு கடித்தால் காலைச் செதுக்க முற்படுவார் உண்டோ?

ஒரு பொருள் அதனைக் கையாளும் மனிதரை வருத்துமாயின், தோற்றவர் அவரல்லர். அதனை வடிவமைத்தவரே என்ற கொள்கையைத் தம் தொழிலின் அடிப்படையாகக் கொண்டவர் ஹென்றி டிரைபஸ் என்னும் அமெரிக்கர். தொழிற்சாலையில் உருவாகும் பண்டங்களுக்கு வடிவம் வகுத்துக் கொடுப்பதே அவர் தொழில்.

1904 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பிறந்த டிரைபஸ், முதலிற் பயின்றது நாடக மேடை அமைப்புக் கலை. நோர்மன் பெல் கெடஸ் என்பவரே அவருக்கு ஆசான். அரங்கத் தொழிலில் இருந்தபோது, ஐயோவா மாநிலத்தில் உள்ள சூ சிற்றி என்னும் நகருக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே பெரும்பொருள் செலவிட்டு அழகுபடுத்திய படமாளிகை ஒன்று வெறிச்சோடிக் கிடந்தது. கட்டணத்தைக் குறைத்தும் பயனில்லை. டிரைபஸ் வாயிலில் நின்று, வருவோர் போவோரை உற்று நோக்கினார். அவ்வூரார் உழவர், சேறு படிந்த காலணியோடு வருபவர். வாயிலில் விரித்திருந்த உயர்ந்த கம்பளம் அழுக்காகிவிடுமே என்று அஞ்சி அவர்கள் விலகிச் சென்றனர்! கம்பளம் அகற்றப்பட்டது, சாதாரண இறப்பர் விரிப்பு இடப்பட்டது. கூட்டம் வரத் தொடங்கிற்று.

1929 இல் அவர் தமக்கென ஓர் அலுவலகம் திறந்தார். அக்காலத்தில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தார், எதிர்காலத் தொலைபேசிக்கு உருவம் வரைந்து தருமாறு கலைஞர் பலரை அழைத்தனர். ஒருவருக்கு 1,000 டொலர் சன்மானம். தொழில் தொடங்கிய இளைஞருக்கு அது சிறு தொகையன்று. ஆயினும் டிரைபஸ் மறுத்துவிட்டார். உள்ளிருக்கும் பொறியை அறியாமல் வெளிக்கூட்டை வரைவது வீண். பொறியியலாளரோடு சேர்ந்து உள்ளிருந்து வெளிநோக்கியே வேலை செய்தல் வேண்டும் என்பது அவர் வாதம். பின்னர் ஆய்வுக்கூடத்தார் அவரையே நாடி வந்தனர். 1937 இலும் 1949 இலும் அவருடைய பங்களிப்போடு வெளிவந்த மேசைத் தொலைபேசிகள் கோடிக்கணக்கான வீடுகளிற் புகுந்தன.

1949 ஆம் ஆண்டுத் தொலைபேசியில் எண்கள் சுழல்வட்டின் வெளிப்புறத்தே அமைந்தன. எண்கள் தெளிவாய்த் தெரிந்தும், மக்கள் முன்னையிலும் மெதுவாகவே சுழற்றினர். காரணம், விரல் செல்லவேண்டிய துளைக்குள் கண்ணுக்கு இலக்கு இல்லை. பெல் ஆய்வாளர் ஒவ்வொரு துளையின் கீழும் ஒரு வெண்புள்ளி இட்டனர். வேகம் மீண்டது. ஒரு சிறு புள்ளி, எத்துணைப் பேருதவி!

டிரைபஸ் உழவு இயந்திரத்தைத் தாமே ஓட்டிப் பார்ப்பார். துணி தோய்த்துப் பார்ப்பார். அதன் பின்னரே பென்சிலை எடுப்பார். பொருள் ஒன்றை ஆராய அவர் ஐந்து அளவுகோல்களை வகுத்தார்: பயனும் பாதுகாப்பும், பராமரிப்பு, செலவு, வாங்குவோரை ஈர்க்கும் தன்மை, தோற்றம். தோற்றம் ஐந்தாவதாக நிற்பதை நோக்குக. அழகை அவர் வெறுத்தாரல்லர். குளிர்நாட்டு வீடுகளில் வெப்பத்தைச் சீராக வைக்கும் சுவர்க்கருவியை அவர் வட்டமாக அமைத்தார்; அது 1953 இல் விற்பனைக்கு வந்தது. சதுரக் கருவி சற்றே சரிந்தாலும் கண்ணை உறுத்தும். வட்டத்துக்குக் கோணல் ஏது?

1955 இல் வெளியிட்ட தமது நூலில், ஜோ, ஜோசபீன் என்னும் ஆண் பெண் உருவங்களை அவர் அறிமுகஞ் செய்தார். 1960 இல் வந்த தொகுப்பில், நடுத்தரமானவரோடு மிகச் சிறியவர், மிகப் பெரியவர் அளவுகளும் இடம்பெற்றன. எனினும் அவை பெரும்பாலும் அமெரிக்கரின் அளவுகள். பிற நாட்டார் தத்தம் மக்களையே அளந்தறிதல் வேண்டும்.

1972 இல் டிரைபஸ் மறைந்தார். சுழல்வட்டுத் தொலைபேசியும் வழக்கொழிந்தது. அவர் காட்டிய வழி மட்டும் பழமையடையவில்லை. மாணவர்களே, இத்தொழிலை விரும்புவீராயின் முதலில் வரையப் பழகாதீர், பார்க்கப் பழகுங்கள். அன்னை எந்தப் பாத்திரத்தைத் தூக்கத் தயங்குகின்றார், பாட்டனார் எந்தப் படியில் தடுமாறுகின்றார் என்று கவனியுங்கள். உங்கள் முதற் பாடம் அங்கேதான் இருக்கின்றது.