நீங்கள் நாயை வாக்கிங் கூட்டிப்போகிறீர்களா... இல்லை, நாய் உங்களையா?

தருமபுரியிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் இருக்கிறது வத்தல்மலை. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள், காபித் தோட்டங்கள், மிளகுக் கொடிகள், மலைவாழ் மக்களின் சின்னச் சின்ன ஊர்கள். லீவு நாள் என்றால் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பைக்கிலும் காரிலும் ஏறிவிடுகிறார்கள். வீட்டு நாயையும் கூட அழைத்துப் போகலாம் என்று நினைப்பவர்களும் உண்டு.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். கார் ஓரமாக நிற்கிறது. கதவைத் திறந்ததும் 30 கிலோ லாப்ரடார் குதித்து இறங்குகிறது. கயிறு, 66 வயது அப்பாவின் கையில். எதிரே ஓர் ஆட்டு மந்தை. அவ்வளவுதான்!

“அப்பா... கயிறை விட்டுடுங்கப்பா!”

“விட்டா ஆட்டைக் கடிச்சிடும்மா!”

இரண்டு பேர் சொல்வதும் சரி. கீழே இறங்கும் சரிவு, ஒரு பக்கம் பள்ளம், வளைவில் எப்போது வேண்டுமானாலும் வண்டி வரலாம். சமதளத்தில் நாய் இழுத்தால் நாலு அடி தள்ளாடி நின்றுகொள்ளலாம். மலைச் சரிவில் அப்படி முடியாது.

விளையாட்டு விஷயம் அல்ல

நாய் இழுத்து விழுவதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, கயிற்றில் நாயைப் பிடித்து நடக்கும்போது ஏற்பட்ட எலும்பு முறிவுகளைக் கணக்கெடுத்தார்கள். 2004-ல் 1,671 ஆக இருந்தது, 2017-ல் 4,396 ஆகிவிட்டது. அவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். அதிகம் உடைந்தது இடுப்பு எலும்பு. வயதான காலத்தில் இடுப்பு எலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டில் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நாய்க்கும் நல்லதல்ல. கழுத்துப் பட்டை இறுக இறுக மூச்சுக்குழாய் அழுந்துகிறது, இருமல் வருகிறது. கழுத்துப் பட்டையோடு நாய் இழுக்கும்போது அதன் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது என்று 2006-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. மார்போடு மாட்டும் ஹார்னஸ் அணிந்து இழுத்தபோது அப்படிக் கூடவில்லை.

தலைக்கயிறு ரகசியம்

மாடு வளர்க்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள். துள்ளுகிற கன்றைக் கழுத்தைப் பிடித்து இழுத்து ஜெயிக்க முடியாது. தலையைத் திருப்பினால் உடம்பு தானாகத் திரும்பும். குதிரைக்கும் அதே கணக்குதான்.

இதை நாய்க்குக் கொண்டுவந்ததுதான் ‘ஹெட் ஹால்ட்டர்’. 1970-களின் இறுதியில் பிரிட்டனில் ரோஜர் மக்ஃபோர்டு என்ற விலங்கு நடத்தை நிபுணர் ‘ஹால்ட்டி’யை உருவாக்கினார். 1980-களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் ராபர்ட் ஆண்டர்சனும், நாய்ப் பயிற்சியாளர் ரூத் ஃபாஸ்டரும் சேர்ந்து ‘ஜென்டில் லீடர்’ கொண்டுவந்தார்கள்.

அமைப்பு சுலபமானது. ஒரு பட்டை காதுகளுக்குப் பின்னால் கழுத்தின் உச்சியில். இன்னொன்று மூக்குத் தண்டின் மேல் வளையமாக. தாடைக்குக் கீழே ஒரு வளையம், அதில் கயிறு. நாய் முன்னால் பாய்ந்தால் அதன் முகம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். முகம் திரும்பிய பிறகு தோளின் பலத்தை எல்லாம் போட்டு இழுக்க முடியாது. கழுத்துப் பட்டையில் பிடித்தால் நாய்க்கு முழு பலமும் கிடைக்கிறது, இதில் கிடைப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவே.

வாய்மூடி வேறு, இது வேறு

பார்க்க வாய்மூடி போல இருப்பதால் பலரும் குழம்பிப் போகிறார்கள். சரியாக மாட்டிய ஹெட் ஹால்ட்டரோடு நாய் வாயைத் திறக்கலாம், மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். கடிக்கவும் செய்யலாம்!

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகுதான் கயிறு, வாய்மூடி பற்றிய பேச்சு சூடுபிடித்தது. கடிக்கும் சுபாவமுள்ள நாய்க்கும், வாய்மூடி கட்டாயம் என்று சொல்லும் இடங்களிலும் ஹெட் ஹால்ட்டர் மாற்று ஆகாது.

எப்படிப் பழக்குவது?

கடையில் வாங்கியதும் மாட்டிக்கொண்டு கிளம்பினால், நாய் தரையில் புரண்டு மூக்கைத் தேய்க்கும். ‘இது நம்ம நாய்க்குச் சரிப்படாது’ என்று பரணில் போட்டுவிடுவோம். சில நாள் பொறுமை வேண்டும்.

• முதலில் மூக்கு வளையத்தைக் கையில் பிடித்து, அதன் வழியாகத் தின்பண்டம் நீட்டுங்கள். நாய் தானாக மூக்கை நுழைக்கட்டும். நீங்கள் திணிக்கக் கூடாது.

• அடுத்த கட்டமாகச் சில விநாடிகள் மாட்டி, தின்பண்டம் கொடுத்துக் கழற்றுங்கள். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

• பிறகு வீட்டுக்குள்ளேயே கயிறு இணைத்து நாலு அடி நடங்கள். தெருவுக்குப் போவது கடைசியில்.

• கயிறு தளர்ந்திருக்கும்போது பாராட்டுங்கள். இறுகினால் நின்றுவிடுங்கள். இழுத்தால் வாக்கிங் நிற்கும் என்பது அதற்குப் புரிய வேண்டும்.

இந்தக் கடைசிப் பாடம்தான் உண்மையான மருந்து. ஹெட் ஹால்ட்டர், பாடம் பதியும்வரை கைகொடுக்கும் கருவி மட்டுமே.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

வெடுக்கென்று சுண்டி இழுப்பது கூடவே கூடாது. கழுத்து எலும்பு திருகிக்கொள்ளும். சுருள் சுருளாக நீண்டுகொண்டே போகும் கயிறும் வேண்டாம். நாய் ஓடிவந்த வேகத்தில் தலை மட்டும் வெட்டித் திரும்பும். 6 அடிக் கயிறு தாராளம். நழுவினாலும் நாய் ஓடிவிடாமல் இருக்க, வழக்கமான கழுத்துப் பட்டையையும் போட்டு இரண்டையும் ஒரு சிறு பட்டையால் இணைத்துவிடுங்கள். வீடு திரும்பியதும் கழற்றிவிடுங்கள்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது நிற்கவே நிற்காது. நம் ஊர் சிப்பிப்பாறை, கன்னி வகைகளுக்கு வேறு சிக்கல். ஒல்லியான தலை, மின்னல் வேகம். எதையாவது கண்டு பாய்ந்தால் அந்த வேகம் முழுவதும் கழுத்தில் இறங்கும். இவர்களுக்கெல்லாம் முன்பக்கம் கயிறு மாட்டும் ஹார்னஸே நல்லது. கழுத்துவலி, மூச்சுப் பிரச்னை உள்ள நாய் என்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் எதையும் மாட்ட வேண்டாம்.

மலைக்குப் போகும் முன்...

புதுக் கருவியை மலையில் போய்ச் சோதித்துப் பார்க்காதீர்கள். வீட்டுத் தெருவில் தளர்ந்த கயிற்றில் நடக்கும் நாயைத்தான் வத்தல்மலைக்கு அழைத்துப் போகலாம். ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அங்கே ஆடும் கோழியும் குடும்பத்தின் வருமானம். உங்கள் நாய்க்கு அது அரை நிமிட விளையாட்டு, அவர்களுக்கோ பெரிய நஷ்டம். ஊர் நாய்கள் தங்கள் எல்லையைக் காக்க வரும். அங்கே நாம்தான் விருந்தாளி.

அந்தக் காட்சிக்கே திரும்பலாம். அதே சரிவு, அதே ஆட்டு மந்தை. லாப்ரடார் ஒரு அடி முன்னால் போகிறது, முகம் திரும்புகிறது, அப்பாவைப் பார்க்கிறது. அவர் பையிலிருந்து ஒரு பிஸ்கட் துண்டை எடுக்கிறார். ஆடுகள் பாட்டுக்குக் கடந்து போகின்றன.

பத்து நாள் பொறுமைக்கு இதைவிட வேறென்ன பரிசு வேண்டும்?