ஒரு தடவை விலை பார்த்தா போதும்... விடாமல் துரத்தும் பட்டாசு விளம்பரம்!

சிவகாசி: தீபாவளி சமயத்தில் செல்போனில் சிவகாசி பட்டாசு விலையை ஒரு தடவை தேடினால் போதும். அப்புறம் பேஸ்புக், யூடியூப் என எதைத் திறந்தாலும் 'பாதி விலை' பட்டாசு விளம்பரம்தான்.

நாம் பார்த்த இணையதளம் 'குக்கீ' என்ற அடையாளத்தை நம்ம போனில் போட்டு வைக்கிறது. அதை வைத்துத்தான் விளம்பரம் ஆளைத் தேடி வருகிறது.

சிக்கலே இங்கேதான். பத்து தடவை கண்ணில் பட்டால் 'பெரிய கடை போல' என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் காசு கட்டினால் மோசடி பேர்வழியின் விளம்பரமும் இப்படித்தான் சுற்றும்.

ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு சுப்ரீம் கோர்ட்டு 2018 அக்டோபர் 23-ந்தேதியே தடை போட்டது. போலி பட்டாசு விளம்பரம் பற்றி தமிழக சைபர் கிரைம் போலீசாரும் 2024-ல் எச்சரித்தனர்.

ஏமாற்றுபவன் எங்கோ இருக்கிறான். கெட்ட பேர் சிவகாசிக்கு! பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் போடுங்க.